காற்றிழுக்கும் அறை

நடந்தது இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அன்று காலை கடல் கொந்தளித்துக்கொண்டிருந்ததாக எனக்கு நினைவு. அவளைக் கேட்டால், தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது என்கிறாள். தேநீர் வந்தது கண்ணாடி டம்ளரிலா பீங்கான் கோப்பையிலா என்பதிலும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. நானும் அன்று அந்த நிலையத்தில்தான் இருந்தேன், ஆனால் வாசல் பக்கம். மற்றதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்தது. அவளும் ஒரே மூச்சில் சொன்னவள் இல்லை. பாதியில் நிறுத்துவாள், சன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள், பிறகு வேறு இடத்திலிருந்து தொடங்குவாள். ஓரங்களெல்லாம் தேய்ந்துபோன சம்பவம் இது. ஒன்றே ஒன்றில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. இயந்திரத்தைக் கிளப்பியதும் அவள் கைதான், நிறுத்தியதும் அவள் கைதான்.

அவளை எல்லோரும் பேனல்காரி என்றே கூப்பிட்டார்கள். கடலோரத்தில் இரண்டே இரண்டு எரிவாயு டர்பைன்கள் கொண்ட சின்ன மின் நிலையம் அது. கட்டுப்பாட்டு அறையில் சுவர் நீளத்துக்கு ஒரு பேனல். அதில் முட்களும் விளக்குகளும் பொத்தான்களும். அதன் முன்னால் ஒரு நாற்காலி. பகல் ஷிஃப்டில் அந்த நாற்காலி அவளுடையது. அவளுடைய அக்கா வாசலுக்குப் பக்கத்தில் கேன்டீன் நடத்தினாள். அக்கா புருஷன் ஃபில்டர் வேலை பார்க்கும் ஃபிட்டர், காண்ட்ராக்ட் ஆள். டர்பைன் உயிரோடு இருக்க வேண்டுமானால் காற்றை மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடல் காற்றிலோ உப்பு. அந்த உப்பைத் தடுக்கும் ஃபில்டர்களைத் தட்டுவது, மாற்றுவது, இறுக்குவது அவர் வேலை. அதனால் அவருக்கு வடிகட்டி என்று பெயர்.

"இந்தக் குடும்பத்துக்குத் தொழிலே வடிகட்டுறதுதான்" என்பார் அவரே. "உங்க அக்கா டீய வடிகட்டுறா, நான் காத்த வடிகட்டுறேன். நீ மட்டும்தான் உக்காந்த இடத்துல சம்பளம் வாங்குற."

"என் நாக்காலியில ஒரு நாள் உக்காந்து பாருங்க அத்தான். அப்பத் தெரியும்."

"எனக்கெதுக்கும்மா? அந்த முள்ளுங்களப் பாத்தா உங்க அக்கா மொறைக்கிற மாதிரியே இருக்கு."

அந்த வருஷம் நிலையத்தில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, விரிவாக்கம். இரண்டு இயந்திரத்தை நான்காக்குவது என்று மேலிடத்தில் யோசனை. அப்படி நடந்தால் காண்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்குவார்கள். நடக்காவிட்டால், இத்தனூண்டு நிலையத்தை வைத்து மாரடிப்பதைவிட மூடிவிடலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. முடிவு செய்ய வேண்டியவர் பெரிய இஞ்சினியர். அவர் நேரில் வந்து பார்ப்பார். நிற்கிற இயந்திரம் ஒன்றைக் கிளப்பிக் காட்ட வேண்டும். அது திக்காமல் திணறாமல் கிளம்பி மின்சாரம் கொடுத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று சூப்பிரண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். நிலையத்தின் பொறுப்பு அவருடையது. நல்ல மனிதர்தான். பயந்த நல்ல மனிதர்.

இந்த இடத்தில் ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கடல் பார்த்த பக்கத்தில், இரும்புக் கால்களின் மேல் ஒரு தகர வீடு மாதிரி இருக்கும். உள்ளே அடுக்கடுக்காய் ஃபில்டர்கள். அவற்றுக்குப் பின்னால் ஓர் அறை. அங்கேயிருந்துதான் குழாய் வழியாகக் காற்று இயந்திரத்துக்குள் இறங்கும். இரும்புப் படி ஏறிப் போனால் ஒற்றைக் கதவு. கொண்டி வெளிப்பக்கம் மட்டுந்தான். ஆள் உள்ளே இருக்கும்போது இயந்திரம் கிளம்பினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் உள்ளே போகிறவன் தன் ஹெல்மெட்டைக் கழற்றி, அதன் வாரைக் கொண்டியில் மாட்டிவிட்டுப் போவான். உள்ளே குனிந்துதான் நடக்க வேண்டும், ஹெல்மெட் இடிக்கும். கட்டுப்பாட்டு அறைச் சன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் கதவு நேரே தெரியும். மஞ்சளாய் ஏதாவது தொங்கினால் ஆள் உள்ளே. தொங்காவிட்டால் வெளியே. யார் எப்போது தொடங்கி வைத்த வழக்கமோ தெரியாது. எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. ஷிஃப்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், அது போதும் என்று இருந்துவிட்டார்கள். அதுவரைக்கும் ஒரு நாள்கூட அந்த வழக்கம் பொய் சொன்னதில்லை.

பெரிய இஞ்சினியர் வருகிற அன்று காலையிலேயே சூப்பிரண்டு சாமி வந்த மாதிரி சுற்றினார். கயிற்றில் காய்ந்த கந்தல் துணி, ஆணியில் மாட்டியிருந்த மழைக்கோட்டு, கைப்பிடியில் தொங்கிய சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார்.

"எங்கயும் எதுவும் தொங்கக் கூடாது. புரியுதா? வர்றவர் பாத்தா இது பவர் ஸ்டேஷனா பழைய துணிக் கடையான்னு கேக்கக் கூடாது."

கேன்டீன் அக்காவிடமும் இதையே சொன்னார். அன்றைக்கு மட்டும் தேநீர் மேசையை இரண்டாவது இயந்திரத்துக்குப் பக்கத்து நிழலில் போடச் சொல்லியிருந்தார். அதுவரை அக்கா வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே கிடையாது.

பேனல்காரி இரண்டாவது இயந்திரத்தின் முட்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் இயந்திரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலில் சன்னல் கண்ணாடி விடாமல் நடுங்கியது. அத்தான் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். குளித்து, எண்ணெய் வைத்து வாரியிருந்தார்.

"என்ன அத்தான், மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கீங்க?"

"பர்மனென்ட் ஆகப் போறவன்ல. இப்பவே பழகிக்க வேணாமா?" என்றவர் குரலைத் தணித்தார். "ஏம்மா, நேத்து மேல் வரிசையில ஒரு ஃபில்டர் லூசா இருந்துச்சு. இவனுங்க முன்னாடி அலாரம் கிலாரம் அடிச்சா மானம் போயிரும். ஒரு எட்டு போய் இறுக்கிட்டு வந்துர்றேன்."

"இப்பவா? அவங்க வர்ற நேரம்."

"கார் வாசலுக்கு வந்து, மாலை போட்டு, சூப்பிரண்டு பேசி முடிக்கிறதுக்குள்ள நான் முடிச்சிட்டு டீயே குடிச்சிருப்பேன்."

"ஹெல்மெட் மாட்டிட்டுப் போங்க."

"மாட்டாம? உன் கையில என் உசுரக் குடுத்துட்டுப் போறவன், அடையாளம் வைக்காமப் போவேனா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

கொஞ்ச நேரத்தில் அவள் சன்னல் கண்ணாடியில் படிந்த உப்பைத் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். கதவு லேசாகத் திறந்திருந்தது. கொண்டியில் மஞ்சள் ஹெல்மெட் தொங்கியது. சரி என்று பேனல் பக்கம் திரும்பினாள்.

கார் வந்தது. பெரிய இஞ்சினியர் மாலையை வாங்கிப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, பேச்சு எதுவும் வேண்டாம், நேராக இயந்திரத்தைப் பார்க்கலாம் என்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒல்லியான, குறைவாகப் பேசுகிற மனிதர். அவர் பின்னால் கோட்டு போட்ட இன்னும் இரண்டு பேர். அவர்கள் வந்து நின்றதும் கட்டுப்பாட்டு அறை சுருங்கிப்போனது. சூப்பிரண்டின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"ஆரம்பிங்கம்மா" என்றார் சூப்பிரண்டு.

அவள் எழுந்து சன்னலுக்குப் போனாள். இதை அவள் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்; ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவாள். சன்னலுக்குப் போனாள். பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. கொண்டி போட்டிருந்தது. எதுவும் தொங்கவில்லை. அப்பாடா, சொன்ன மாதிரியே முடித்துவிட்டு இறங்கிவிட்டார் மனிதர் என்று நினைத்தாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு உண்டான நிம்மதி இன்னும் ஞாபகம் இருக்கிறதாம். அதைத்தான் தாங்க முடியவில்லை என்பாள்.

இயந்திரம் கிளம்பப் போகிறது என்று எச்சரிக்கும் சைரன் ஒலித்தது. அவள் பொத்தானை அழுத்தினாள்.

இயந்திரம் முனகியது; முனகல் சீறலாயிற்று; உள்ளே எரிவாயு பற்றிக்கொண்டதைக் காட்டும் விளக்கு எரிந்தது; முட்கள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறின. பெரிய இஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். முழு வேகம் வந்ததும் அவள் மின்சாரத்தை ஊர் மின்சாரத்தோடு இணைத்தாள். இணைந்த இடத்தில் முள் துளிகூட அதிரவில்லை. கோட்டு போட்டவர்களில் ஒருவர் கை தட்டினார். சூப்பிரண்டும் தட்டினார். பெரிய இஞ்சினியர், "நல்லா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் பெரிய விஷயம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அத்தான் இதைப் பார்க்காமல் எங்கே போய்த் தொலைந்தார் என்று அவள் நினைத்தாள்.

அப்போது கதவைக் காலால் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். ஒரு கையில் தேநீர்த் தட்டு. மறு கை இடுக்கில் மஞ்சள் ஹெல்மெட். அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவித் துடைத்திருந்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டுத் தங்கையின் காதருகே குனிந்தாள்.

"எங்கடி உங்க அத்தான்? பெரிய மனுசங்க வந்திருக்கிற நேரத்துல வெறுந்தலையோட சுத்துறாரா? இந்தா, இதக் குடு."

அவள் ஹெல்மெட்டையே பார்த்தாள். உள்ளே வாரில் அத்தான் பேனாவால் கிறுக்கிய பூ இருந்தது.

"இது எங்க இருந்துச்சு?"

"எங்க இருக்கும்? அந்தத் தகரக் கொட்டாய்க் கதவுல. வீட்டுலதான் சட்டைய எடுத்து வைக்கிறதில்லன்னா இங்கயுமா? நான் கீழ மேசை போட்டுட்டு இருக்கேன், மேல கதவு காத்துல டமால் டமால்னு அடிக்குது. எதுவும் தொங்கக் கூடாதுன்னு சூப்பிரண்டு வேற சொன்னாரா, ஏறிப் போய் இத எடுத்துட்டு, கதவச் சாத்திக் கொண்டியப் போட்டுட்டு வந்தேன்." அக்கா பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு நின்றாள். "என்னடி அப்படி மொறைக்கிற?"

பேனலின் நடுவில், இரண்டாவது இயந்திரத்தை அவசரத்தில் நிறுத்தச் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அதன் மேல் கண்ணாடி மூடி. அவள் மூடியைத் திறந்ததாக நினைவில்லை என்கிறாள். உள்ளங்கையில் வெட்டு இருந்தது, அதனால் உடைத்திருக்க வேண்டும்.

விளக்குகள் மொத்தமாகச் சிவந்தன. அலாரம் அலறியது. ஊரில் பாதிக்கு மின்சாரம் போயிருக்கும். தரையில் உணர்ந்துகொண்டிருந்த அதிர்வு மெல்லத் தளரத் தொடங்கியது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சூப்பிரண்டின் வாய் திறந்து மூடியது. மறுபடி திறந்தபோது அதில் ஒரு சிரிப்பு இருந்தது.

"இப்ப நீங்க பாத்தது அவசர நிறுத்தம் சார்" என்றார். "சொல்லாமலே செஞ்சு காட்டணும்னு வச்சிருந்தோம்."

கோட்டு போட்டவர் மறுபடியும் கை தட்டினார்.

அவள் அதைக் கேட்டாள். கேட்டது மண்டையில் ஏறுவதற்குள் படிகளில் ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் அக்கா, "ஏய், என்னடி, என்ன ஆச்சு?" என்று ஓடிவந்தாள். திறந்த வெளி, வெயில், குழாய்கள். தேநீர் மேசையில் வெள்ளைத் துணி படபடத்தது. இரும்புப் படி. அவள் கொண்டியைத் தூக்கினாள். கதவு வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். வரவில்லை. நிறுத்தினாலும் இயந்திரம் உடனே நிற்காது. சுற்றிச் சுற்றித்தான் ஓயும். ஓயும்வரை காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த உறிஞ்சல் கதவைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தது.

இரண்டு ஃபிட்டர்கள் ஓடிவந்து கை கொடுத்தார்கள். அசையவில்லை.

"உள்ள யாரு?" என்றான் ஒருவன்.

அவள் மறுபடி கொண்டியைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் அக்காவுக்கு விளங்கியது. ஹெல்மெட்டை இன்னும் கையில் வைத்திருந்தாள். கதவைப் பார்த்தாள், கொண்டியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். அழுவாள், அலறுவாள் என்று நினைத்து அவளைப் பிடித்துக்கொள்ள ஒருவன் பக்கத்தில் போனான். அவள் ஒன்றும் செய்யவில்லை. கதவில் காதை வைத்து நின்றாள். மெதுவாக, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி, விரல் முட்டியால் தட்டினாள்.

"ஏங்க" என்றாள். "ஏங்க."

உள்ளே ஊளை மட்டும் இறங்கி இறங்கி வந்தது. அது அடங்கும்வரைக்கும் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. நான்கு பேர் ஒரு கதவின் முன்னால் நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பேனல்காரி மனசுக்குள் குழாயின் வாயில், இயந்திரத்துக்குள் எதுவும் போகாமல் தடுக்கிற கம்பி வலையை நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த வலை எவ்வளவு பழையது என்று அவளுக்குத் தெரியும். துருப்பிடித்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று அத்தான் சொல்லியிருக்கிறார். விரிவாக்கம் வரட்டும், எல்லாம் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று பதில் வந்திருந்தது.

ஊளை தணிந்தது. கதவு பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு விலகியது.

அத்தான் அறையின் கோடியில், ஃபில்டர் சட்டத்தின் கம்பியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக் கம்பியோடு சேர்த்துக் கையைக் கட்டியிருந்தார். கட்டிய இடத்தில் தோல் உரிந்திருந்தது. சட்டை கிழிந்து முதுகுக்குப் போயிருந்தது. ஒரு செருப்பு இல்லை. காலையில் எண்ணெய் வைத்து வாரிய முடி குத்திட்டு நின்றது. கண்கள் திறந்திருந்தன. அவர்களைப் பார்த்தன. கதவின் உட்பக்கம் முழுக்கக் கைத்தடம். சைரன் ஒலித்ததும் ஓடி வந்து தட்டியிருக்கிறார், முதல் இயந்திரத்தின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்.

உயிர் இருக்கிறது. அவள் குனிந்து உள்ளே ஓடினாள்.

"அத்தான்! அத்தான், ஒண்ணுமில்ல, நின்னுபோச்சு, வாங்க!"

அக்கா அவர் முகத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள். நான்தான் சாத்தினேன், நான்தான், எனக்குத் தெரியாதுங்க, நான்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் அவள் வாயை உற்றுப் பார்த்தார். பிறகு தங்கையின் வாயைப் பார்த்தார். இரண்டு காதிலிருந்தும் மெல்லிய கோடாக ரத்தம் இறங்கியிருந்தது.

"ஏன் எல்லாரும் சத்தமே இல்லாமப் பேசுறீங்க?" என்று கத்தினார். தகரம் அதிர்ந்தது. "சத்தமாப் பேசுங்கடி!"

அக்கா முந்தானையால் அவர் காதைத் துடைத்தாள்.

ஸ்ட்ரெச்சரில் கீழே இறக்கிக் கொண்டுபோனார்கள். அக்கா கூடவே போனாள். தேநீர் மேசையைச் சுற்றிப் பெரிய இஞ்சினியரும் மற்றவர்களும் நின்றிருந்தார்கள். பேனல்காரியின் உள்ளங்கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. சூப்பிரண்டு அவளை நோக்கி வேண்டாம் என்று தலையசைத்தார். கண்ணால் கெஞ்சினார். அவரைப் பார்த்துக்கொண்டேதான் அவள் சொன்னாள்.

"அது சோதனை இல்ல சார். உள்ள ஆள் இருந்தாரு. தெரியாம நான் கிளப்பிட்டேன்."

பெரிய இஞ்சினியர் கோப்பையைத் தட்டில் வைத்தார். ஸ்ட்ரெச்சர் போன திசையைப் பார்த்தார். அவர் எதையோ யோசிக்கிறார் என்று அவள் நினைத்தாள். திட்டுவார், விசாரிப்பார், இந்த இடத்தையே இழுத்து மூடச் சொல்வார். எதுவானாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக நின்றாள்.

"உயிரோட இருக்காரா?"

"இருக்காரு சார். ஆனா காது..."

"அப்ப சரி" என்றார். கோப்பையை மறுபடி எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "நின்ன வேகத்தைப் பாத்தீங்களா? பழைய மெஷின்தான், ஆனா நல்லா வச்சிருக்காங்க."

அத்தான் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தபோது அவள் கை தானாக வேலை செய்தது. இப்போது கை கால் எதுவும் வேலை செய்யவில்லை. பிறகு எப்படிக் கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பினாள் என்று அவளுக்குத் தெரியாது. ஆறிப்போன தேநீர்த் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. முதல் இயந்திரத்தின் முட்கள் ஒழுங்காக நின்றன. அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிஃப்டு முடிந்து ஆள் மாற்ற வந்தவன் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள்.

விரிவாக்கம் வந்தது. இப்போது அங்கே நான்கு இயந்திரங்கள் ஓடுகின்றன. காற்றிழுக்கும் அறைகளுக்குப் பூட்டு வந்துவிட்டது; உள்ளே போகிறவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார், சாவி பேனலுக்குத் திரும்பாமல் இயந்திரம் கிளம்பாது. சூப்பிரண்டு பதவி உயர்வு பெற்று வேறு நிலையத்துக்குப் போய் அங்கேயே ஓய்வு பெற்றார். பெரிய இஞ்சினியர் இப்போது உயிரோடு இல்லை. அத்தானுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. இடது காது முழுக்கப் போய்விட்டதால் ஸ்டோரில் போட்டார்கள், வலது காதில் கருவி வைத்தால் கொஞ்சம் கேட்கும். போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார். அக்கா கேன்டீனை வேறொருவருக்கு விட்டுவிட்டுத் தையல் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவர்கள் மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். பேனல்காரி இன்னும் பகல் ஷிஃப்டில்தான் இருக்கிறாள். அக்காவும் தங்கையும் வாரம் தவறாமல் சந்தித்துக்கொள்கிறார்கள். எல்லாம் பேசுகிறார்கள், அந்த நாளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.